பட்டாளத்து வீட்டில் இல்லறம்

மாப்பிள்ளை இராணுவத்தில் இருக்கிறார் என்றால், பெண்ணைப் பெற்றவர்கள் முதலில் விசாரிப்பது சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும்தான். திருமணத்திற்குப்பின் இவ்விருவரும் எங்கே குடியிருப்பர், ஆண்டில் எத்தனை மாதம் சேர்ந்திருப்பர் என்று கேட்பவர் அரியர். ஆயினும், அக்குடும்பத்தின் இன்பதுன்பங்கள் பெரும்பாலும் இக்கேள்வியையே பொறுத்திருக்கின்றன. வேலூர் மாவட்டத்திலும் தென்மாவட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆளனுப்பும் ஊர்கள் பல உள. அவ்வூர்களிலிருந்து தாலியின் மஞ்சள் மங்குமுன்னே வடநாட்டுப் படைக்குடியிருப்புக்குச் செல்லும் பெண்களின் அன்றாட வாழ்வை இங்கே சற்று நோக்குவோம்.

இருவகைப் பணியிடங்கள்

படைவீரரின் பணியிடங்கள் இருவகைப்படும். எல்லைப்புறமும் மலைமுகடுகளும் போன்ற இடங்களை 'பீல்டு' என்பர். அங்கே குடும்பத்தை அழைத்துச்செல்ல இயலாது. ஜலந்தர், அம்பாலா, செகந்திராபாத், நமது வெலிங்டன் போன்றவை 'பீஸ் ஸ்டேஷன்' எனப்படும் அமைதி நிலையங்கள். அங்கே குடும்பத்தோடு வாழலாம். இரண்டு மூன்று ஆண்டுகள் ஓரிடம், பின்னர் வேறிடம் என இவை மாறி மாறி வரும். எனவே, படைவீரரின் மனைவி கணவரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் காலம், பணிக்காலத்தின் ஒரு பகுதியே. எஞ்சிய காலத்தில் விடுப்புதான் அவர்களைச் சேர்த்துவைக்கிறது.

2022-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் திருமணமாகாத இளைஞர்களையே நான்காண்டுகளுக்குச் சேர்க்கிறது. அவர்களுள் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஆகவே, நாம் இங்குச் சொல்பவை நிரந்தரப் பணியில் இருப்போரின் குடும்பங்களுக்கே பெரிதும் பொருந்தும்.

வீடு கிடைக்கும் வரை

கன்னியாகுமரியையும் ஜம்முவையும் இணைக்கும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ மூன்று நாள் ஓடுகிறது. தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளும் ஊறுகாய் ஜாடியுமாகப் போய் இறங்கும் குடும்பத்திற்கு உடனே அரசு வீடு கிடைத்துவிடும் என்பதில்லை. குவார்ட்டர்ஸ் என்பது வரிசைப்படி கிடைப்பது. அதுவரையில் முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் காத்திருத்தல் வேண்டும். இக்குறையைப் போக்க, திருமணமான படைவீரர்களுக்கென ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள் கட்டும் பெருந்திட்டத்தை 2002-ஆம் ஆண்டில் மைய அரசு தொடங்கியது. ஆயினும் காத்திருப்பு இன்னும் முற்றிலும் ஒழியவில்லை.

வீடு கிடைத்தபின், கட்டிலும் மேசையும் அரசுக் கணக்கிலேயே வரும். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட்டுப் பெறவேண்டும். காலி செய்யும் நாளில் எண்ணி ஒப்படைக்கவும் வேண்டும். குழாய் ஒழுகினால் எம்.இ.எஸ். அலுவலகத்துப் புத்தகத்தில் புகார் எழுதிவிட்டுக் காத்திருக்கவேண்டும். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் தயங்கும் இவ்வாழ்வில், 'இது என் வீடு' என்ற உணர்வு எளிதில் வருவதில்லை. சன்னலுக்குத் தாமே தைத்த ஒரு திரை, வாசலில் ஒரு துளசியோ கற்பூரவல்லியோ, ஊரிலிருந்து கொண்டுபோன ஒரு படம் ஆகிய சிறு பொருள்களே அரசுக் கட்டடத்தை இல்லமாக்குகின்றன.

அடுக்களையும் குளிர்காலமும்

பஞ்சாபின் குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. தோசைமாவு புளிக்க மறுக்கும். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைப்பதும், பகலில் வெயில்படும் இடத்திற்கு நகர்த்துவதும் அங்குள்ள நம் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள். தேங்காய் விலைமிகும், கோதுமை மாவு மலிவாய்க் கிடைக்கும். சில மாதங்களில் சப்பாத்தி இடுவதில் தேர்ந்துவிடுகிறார்கள். அண்டை வீட்டுப் பஞ்சாபிப் பெண் சாம்பார் கேட்டு வாங்கிப் போவதும் அங்கே வழக்கம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. குளிர் தாங்காமல் கரியடுப்பை அறைக்குள் வைத்து, கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு உறங்குவது உயிருக்கே உலையாகும். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் விழிக்காமலே இறந்துபோகின்றனர். வடநாட்டுக் குளிருக்குப் புதிதாய்ச் செல்லும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் இதைச் சொல்லி அனுப்புதல் பெரியோரின் கடமை.

காகிதங்களில் கவனம்

இராணுவத்தில் திருமணமும் பிள்ளைப்பேறும் வீட்டு விசேடங்கள் மட்டுமல்ல. பதிவேட்டில் ஏறவேண்டிய செய்திகளும் ஆகும். படைவீரர்கள் 'பார்ட் டூ ஆர்டர்' என்று சொல்லும் ஆணையில் மனைவியின் பெயரும் மக்களின் பெயரும் வெளியாகவேண்டும். இராணுவ மருத்துவமனையில் சிகிச்சையும், குவார்ட்டர்ஸும், பின்னாளில் குடும்ப ஓய்வூதியமும் அப்பதிவையே பற்றி நிற்கின்றன.

தமிழர்க்கு இதில் தனியொரு தொல்லை உண்டு. தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்துக்கொள்வது நம் வழக்கம். வடநாட்டு எழுத்தர் அதை விரித்தெழுதுவார். சிலவேளை கணவரின் பெயரை மனைவிக்குக் குடும்பப் பெயராக்குவார். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் இன்னொரு பெயர் என்றிருந்தால், துயரம் நேர்ந்த காலத்தில் கைம்பெண் அலுவலகம் அலுவலகமாய் அலையவேண்டிவரும். திருமணப் பதிவேட்டில் கையெழுத்திடும் நாளிலேயே எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் மாவட்டத் தலைநகரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

மக்களின் கல்வி

படைமுகாம்களில் இருந்த 20 பள்ளிகளை ஏற்று 1963-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டவையே இன்றைய கேந்திரீய வித்யாலயங்கள். 1983-இல் அமைந்த இராணுவ நலக் கல்விச் சங்கம் இராணுவப் பள்ளிகளை நடத்துகிறது. எந்த ஊருக்கு மாற்றலானாலும் பாடத்திட்டம் ஏறத்தாழ ஒன்றாய் இருப்பது பிள்ளைகளுக்குப் பெருந்துணை. ஆனால் தோழர்கள் மாறிவிடுகிறார்கள். மூன்றாண்டுக்கொரு முறை புதிய வகுப்பில் புதிய முகங்களுக்கு நடுவே அமரும் பிள்ளை, சிலவேளை நட்பில் ஆழமாய் வேரூன்றவே அஞ்சுகிறது. பழைய தோழனுடன் தொடர்பு அறாமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் கையில் உள்ளது.

மற்றொரு குறை தாய்மொழி. இந்தியும் ஆங்கிலமும் சரளமாய்ப் பேசும் பிள்ளைகள் தமிழ் எழுத்தறியாது வளர்கிறார்கள். விடுமுறைக்கு வந்தால் பாட்டியோடு நாலு வார்த்தை பேச முடிவதில்லை. நாளொன்றுக்கு அரைமணி நேரம் தாயோ தந்தையோ அகர வரிசையைச் சொல்லிக்கொடுத்தால் போதும். இதற்கென ஒரு பள்ளியைத் தேட வேண்டியதில்லை.

பதவியும் புட்டியும்

படைமுகாமில் எல்லார்க்கும் பதவி உண்டு. குடியிருப்பும் பதவிக்கேற்பப் பிரிந்தே இருக்கும். வேலையிடத்தில் இது தேவை. ஆனால் மனைவியரும் மக்களும் அதைத் தங்கள் தோள்மேல் ஏற்றிக்கொள்வது தேவையன்று. சுபேதாரின் மனைவி, சிப்பாயின் மனைவி என்ற வேற்றுமை தண்ணீர்க் குழாயடிவரை வந்துவிட்டால் வாழ்வு கசந்துவிடும். 1966-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இராணுவ மனைவியர் நலச்சங்கம் நடத்தும் கூட்டங்களும் தையல் வகுப்புகளும் நல்ல வாய்ப்புகள். மொழி தெரியவில்லை என்று நாணி ஒதுங்காமல் அவற்றிற்குச் செல்லும் பெண், பிரசவ காலத்திலும் கணவர் இல்லாத இரவிலும் துணையின்றித் தவிப்பதில்லை.

மிலிட்டரி கேண்டீனில் சோப்பும் எண்ணெயும் மலிவு. சாராய வகைகளும் மலிவு. மாதந்தோறும் உரிமையாய்க் கிடைக்கும் புட்டியை வாங்காவிட்டால் நட்டம் என்று எண்ணுவோர் பலர். அதை விடுப்பில் வரும்போது ஊருக்கும் கொண்டுவந்து உறவினர்க்குப் பங்கிடுவோர் உளர். மறுத்தால் 'மிலிட்டரிக்காரர் கைவறட்சி' என்று பழிப்போரும் உளர். கிடைக்கிறது என்பதற்காக வாங்கவேண்டியதில்லை என்று துணிந்து சொல்லும் குடும்பத்தலைவரை நாம் பாராட்டவே வேண்டும். அங்ஙனமன்றிக் குடியில் மூழ்கி மனைவி மக்களைக் கைவிடுவோர்க்கு, பராமரிப்புத் தொகையை ஊதியத்திலிருந்தே பிடித்துக்கொடுக்க 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் வழிசெய்கிறது என்பதைப் பெண்களும் அறிந்திருத்தல் நலம்.

செல்வதா, தங்குவதா?

இனி, வீடுகளில் பூசலாய் வெடிக்கும் கேள்விக்கு வருவோம். அமைதி நிலையத்துக்கு மாற்றல் வந்ததும், "என்னோடு வா" என்கிறார் கணவர். "எங்களை யார் பார்ப்பார்? நிலத்தை யார் கவனிப்பார்?" என்கிறார்கள் மாமனாரும் மாமியாரும். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. முதியோரின் முழங்கால் வலியும் தனிமையும் பொய்யல்ல. ஆயினும் நாம் சிந்திக்கவேண்டியது ஒன்று: நிலம் அடுத்த ஆண்டும் அங்கேயே கிடக்கும், சேர்ந்து வாழக் கிடைத்த இந்த மூன்றாண்டுகள் மீண்டும் வாரா. ஆண்டுக்கு 60 நாள் விடுப்பில் வரும் தந்தையைப் பிள்ளை விருந்தினராகவே அறிகிறது. அவர் கண்டித்தால் முரண்டுகிறது, அணைத்தால் கூசுகிறது. நாள்தோறும் அவர் சீருடையோடு வீடு திரும்புவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அவர் அப்பா.

ஆகவே, அமைதி நிலையம் வாய்க்கும் காலத்தில் மனைவியும் சிறுவரும் உடன்செல்வதே நன்று என்பது நம் துணிபு. ஊரிலுள்ள மற்ற மக்கள் முதியோரின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும். படையிலிருப்பவர் அதற்குப் பொருளுதவி தவறாமல் அனுப்பட்டும். பீல்டுக்குக் கணவர் சென்றதும், மகன் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருந்தால், மனைவி ஓரிடத்தில் நிலைத்து நிற்பதே அறிவுடைமை. அவ்வேளையில் முடிவுகளெல்லாம் அவர் தலைமேல் விழும். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். பத்திரங்கள் எங்கே உள்ளன என்பது அவருக்குத் தெரிந்திருக்கட்டும். விடுப்பில் வரும் கணவரும், தாம் இல்லாத நாள்களில் வீட்டை நடத்தியவர் அவரே என்பதை மதித்து, வந்த அன்றே ஆணையிடத் தொடங்காதிருத்தல் வேண்டும்.

நம் வாசலில் வந்தவர்கள்

இறுதியாக ஒன்று. வெலிங்டனிலும் பரங்கிமலையிலும் படைக்குடியிருப்புகள் இருக்கின்றன. பஞ்சாபிலிருந்தும் கட்வால் மலைகளிலிருந்தும் நாகாலாந்திலிருந்தும் வந்த இளம்பெண்கள், கைக்குழந்தையோடு குன்னூர்ச் சந்தையில் விலைகேட்கச் சொல் தெரியாமல் நிற்கிறார்கள். ஜலந்தரில் நம் மகள் எதற்காக ஏங்குகிறாளோ, அதற்காகவே இவர்களும் ஏங்குகிறார்கள். சரியான விலையைச் சொல்லுங்கள், மருத்துவமனைக்கு வழிகாட்டுங்கள், ஒருநாள் வீட்டுக்கு அழைத்து இரண்டு இட்லி வையுங்கள்.