விளக்குக்கு ஒரு வார்த்தை, மருமகளுக்கு ஒரு வார்த்தை

காலையில் பையை எடுத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினால் போதும். "எங்கே போறீங்க?" என்று எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து குரல் வந்துவிடும். என் மாமியார் இருந்தவரை இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்ல மாட்டார். உள்ளே திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். "புறப்படறவங்களை எங்கேன்னா கேட்கிறது? தூரமான்னு கேட்டா ஆகாதா?" என்று முணுமுணுப்பு வேறு.

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. எரிச்சல் மட்டும் உண்டு. இப்படி எரிச்சல் மூட்டும் பேச்சுக்கள் ஒன்றா, இரண்டா? "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்து வருவது தப்பாக நினைக்க வேண்டிய சமாசாரம்தான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகு, "நான் அப்பவே சொன்னேன்" என்பார் எங்கள் வீட்டுக்காரர். போன தடவை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முதல் வரிசையில் ஒரு அம்மாள், "என்னங்க இப்படி இளைச்சுட்டீங்க, ஷுகரா?" என்றார். பந்தியில் பக்கத்து இலைக்காரி, "நல்லா வெயிட் போட்டுட்டீங்களே!" என்றாள். ஒரே நாள், ஒரே பட்டுப் புடவை, இரண்டு பேரும் பார்த்தது என்னையேதான்!

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். எனக்குப் பொறுக்காத வார்த்தை ஒன்று உண்டு. "வீட்டுல சும்மாதானே இருக்கீங்க?" இந்த 'சும்மா'வை மற்றவர்கள் சொல்வது போதாதென்று நாமே சொல்லிக்கொள்கிறோம். கூடப் படித்தவள் போனில், "என்னடி பண்றே?" என்று கேட்டாள். "சும்மாதான் இருக்கேன்" என்றேன். அப்போது என் ஒரு கையில் பாதி ஆய்ந்த மீன். அடுப்பில் உலை கொதிக்கிறது.

மத்திய அரசு 2019-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களைக் கணக்கிட்டதில், பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தபோது 289-ம் 88-ம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேர வேலைக்கு நாம் வைத்த பெயர் சும்மா! 2023-ல் உச்ச நீதிமன்றம், பெண்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய ஆங்கில வார்த்தைகளுக்கு ஒரு கையேடே போட்டது. 'ஹவுஸ்வைஃப்' வேண்டாம், 'ஹோம்மேக்கர்' என்று எழுதலாம் என்றது அது. அதே வருஷம் செப்டம்பர் 15-ல் நம் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கும் உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் மகளிர் உரிமைத் தொகை என்று வைத்தார்கள். ரூபாயைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது.

வார்த்தை விஷயத்தில் இவ்வளவு ரோஷக்காரியான என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

எங்கள் நெம்மேலிக்கு வடக்கே, கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது திருவிடந்தை. நித்யகல்யாணப் பெருமாள் கோயில். காலவ ரிஷியின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருத்தியாகப் பெருமாள் மணந்துகொண்டார் என்பது தலபுராணம். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை சாத்தி, அந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வருவார்கள். கல்யாணமானதும் காய்ந்துபோன அதே மாலையோடு ஜோடியாக வருவார்கள். வேண்டுதலோடு வந்திருக்கும் பெண்ணிடம் அந்தப் பிராகாரத்தில், "இன்னும் ஒண்ணும் அமையலையா? வயசு என்ன ஆச்சு?" என்று கேட்கிறவர்களைக் கண்டு நான் பல தடவை பல்லைக் கடித்ததுண்டு.

அங்கேதான் எங்கள் தெருப் பெண்ணைப் புருஷனோடு பார்த்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். மாலை எல்லாம் எப்போதோ கொண்டுவந்து சுற்றியாகிவிட்டது. பார்த்த சந்தோஷத்தில், "என்னம்மா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லத்தை" என்று சிரித்தாள். துளசிப் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் மேலே ஏதோ பேசிவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவள் அம்மா ரேஷன் கடை வரிசையில் சொன்னாள். அதற்கு ஒன்றரை மாசம் முன்னால்தான் அந்தப் பெண்ணுக்குப் பத்தாவது வாரத்தில் கலைந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கோயிலுக்கு வந்ததே மனசு சரியில்லாமல்தான். சர்க்கரைப் பையோடு வீடு வந்து சேர்ந்த எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கர்ப்பம் என்று தெரிந்த பிறகும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோவதுண்டு. அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மாசத்தில்; பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் கோளாறால். குடம் தூக்கினாளா, பஸ்ஸில் போனாளா என்று அவளைக் குடைவது வீண் வேலை. குழந்தையே தங்காமல் இருப்பதும் அபூர்வமில்லை. உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவதொரு சமயம் இந்தக் கஷ்டம் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ஒரு வருஷம் பார்த்தும் தங்கவில்லை என்றால் டாக்டரிடம் போகலாம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாசமே போதும். போவது இரண்டு பேருமாக இருக்கட்டும். ஏனென்றால் ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கமும் குறை இருக்கிறது. 'மலடன்' என்ற வார்த்தை அகராதியில் இருக்கிறது. தெருவில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஹைஸ்கூலில் எங்கள் தமிழ் ஐயா நன்னூல் நடத்தியது ஞாபகம் வருகிறது. பவணந்தி முனிவர் எழுதியது, பதின்மூன்றாம் நூற்றாண்டு. அதில் தகுதி வழக்கு என்று ஒரு பகுதி. கூச்சமானதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலமானதை மாற்றி, செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது மங்கலம். என் மாமியாருக்கு நன்னூல் தெரியாது. ஆனால் விளக்கை 'அணை' என்று சொல்ல விடமாட்டார், 'குளிர வை' என்று சொல்ல வேண்டும். அரிசி 'தீர்ந்துபோச்சு' என்றால் கோபம் வரும், 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்ல வேண்டும். 'போறேன்' கூடாது, 'போயிட்டு வரேன்'. விளக்குக்கும் காலி டப்பாவுக்கும் மனசு நோகக்கூடாது!

அதே மாமியார்தான், எனக்குக் கல்யாணமான புதிதில், மாசாமாசம் காலண்டரைப் பார்த்துவிட்டு, "இந்த மாசமும் தலைக்கு ஊத்திக்கிட்டியா?" என்று கூடத்திலிருந்து சத்தமாகக் கேட்பார். மாமனார் ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது வயது பத்தொன்பது. இதை அனுபவித்த நானேதான் கோயிலில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். 'விசேஷம்' என்பதும் மங்கலச் சொல்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. எனக்குத் தெரியாது" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீங்களாவது பெருமாள் கோயில்ல கேட்டீங்க அத்தை. எங்க ஆபீஸ்ல லிஃப்டுல கேட்கறாங்க" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. "இதுவரைக்கும் என்னைக் கேட்காத ஒரே ஆள் குப்பத்துலேருந்து வர மீன்காரம்மாதான். சங்கராவா, வவ்வாலான்னு மட்டும்தான் கேட்பாங்க."

அவள் காபி கலக்க எழுந்தாள். நான் கூடப் போய் டம்ளரைக் கழுவினேன். அவளே கொஞ்சம் கொஞ்சமாக, ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள்.