யார் மஸ்டரில் உங்கள் பெயர்?

2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி, போர்ட் பிளேரில் கூடிய கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சர்க்யூட் பெஞ்ச், அந்தமான் நிகோபார் நிர்வாகத்தின் தலைமைச் செயலாளர் கேசவ் சந்திராவைப் பணியிடை நீக்கம் செய்தது. துணைநிலை ஆளுநர் டி.கே. ஜோஷிக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, அதைச் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்றும் சொன்னது. மறுநாளே உச்ச நீதிமன்றம் இந்த உத்தரவை நிறுத்தி வைத்துவிட்டது. ஆனாலும் ஒரு யூனியன் பிரதேசத்தின் உச்சாணிக் கொம்பில் இருக்கும் இருவரை ஒரு நாளாவது உலுக்கிவிட்டது தினக்கூலிக்காரர்களின் சம்பளப் பாக்கி.

தீவில் இவர்களை டி.ஆர்.எம். என்பார்கள். டெய்லி ரேட்டட் மஸ்தூர் என்பதன் சுருக்கம். அரசுத் துறைகளின் அன்றாட உடலுழைப்பைத் தோளில் சுமக்கும் இவர்கள் சுமார் 4,000 பேர். பலருக்கு வேலை நிரந்தரம், பதவிதான் தற்காலிகம். வழக்கை நடத்தியது அந்தமான் சர்வஜனிக் நிர்மாண் மஸ்தூர் சங்கம். கூடுதல் ஊதியமும் அகவிலைப்படியும் எல்லோருக்கும் கொடு என்று நீதிமன்றம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஒரு பகுதியினருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களை விட்டுவிட்டதுதான் அவமதிப்பு வழக்கானது.

அவர்கள் கேட்டது ‘முப்பதில் ஒரு பங்கு’. அரசு அலுவலகங்களில் காலங்காலமாகக் கூலி வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். அதே வேலையைச் செய்யும் நிரந்தர ஊழியரின் ஆரம்பச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி 30-ஆல் வகுத்தால் வருவது ஒரு நாள் கூலி. 1986-ல் மத்தியப் பொதுப்பணித் துறையின் தினக்கூலிகள் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1988 ஜூன் 7-ல் மத்திய அரசே இந்த முப்பதில் ஒரு பங்கை உத்தரவாக எழுதியது. முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் அதற்காக ஒரு சங்கம் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. ஊரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் கராச்சர்மாவுக்குப் பழைய பெயரே நீடிக்கிறது. மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது, நிக்கோபாரிக் கோழியையும் தீவுத் தென்னையையும் தீவு நெல்லையும் ஆராய்கிற இடம். எந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையும் போல இங்கும் வேலை இரண்டு கைகளில் நடக்கிறது. ஒரு கை கட்டுரை எழுதும். இன்னொரு கை நாற்று நடும், களை பறிக்கும், தொழுவம் கழுவும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதை நடத்தும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையங்களில் இன்று இரண்டு கைகளிலும் தற்காலிக ஆட்கள் நிறையவே உண்டு. முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்த இளைஞர்கள் ‘யங் புரொபஷனல்’, ‘சீனியர் ரிசர்ச் ஃபெலோ’ என்ற பெயர்களில் வாக்-இன் இன்டர்வியூவுக்கு வந்து நிற்கிறார்கள். ஓராண்டு ஒப்பந்தம், திட்டம் இருக்கும் வரை வேலை. நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்ற வரி அறிவிப்பிலேயே இருக்கும். மண்வெட்டி பிடிப்பவருக்கும் நுண்ணோக்கி பார்ப்பவருக்கும் அந்த வரி ஒன்றுதான்.

பண்ணை ஆட்களுக்காவது ஒருகாலத்தில் கதவு கொஞ்சம் திறந்தது. 1993 செப்டம்பர் 1-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: அன்று வேலையில் இருந்து, ஓராண்டில் 240 நாள் பணி செய்திருந்த தினக்கூலிக்குத் ‘தற்காலிக அந்தஸ்து’. கேட்க விநோதமான பட்டம்தான்; ஆனால் அதில் விடுப்பு உண்டு, ஆண்டு ஊதிய உயர்வுக் கணக்கு உண்டு, நான்காம் நிலைக் காலியிடம் வந்தால் முன்னுரிமையும் உண்டு. ஒருமுறை மட்டும் திறந்து மூடிய கதவு அது. 2006 ஏப்ரல் 10-ல் வந்த உமாதேவி தீர்ப்பு, முறையான தேர்வு இல்லாமல் உள்ளே வந்தவர் நிரந்தரம் கேட்க முடியாது என்று சொல்லி, வெளியிலிருந்தும் பூட்டுப் போட்டது. பத்தாண்டுக்கு மேல் வேலை செய்தவர்களை ஒரே ஒரு முறை பரிசீலிக்கலாம் என்று அது விட்ட சின்ன இடைவெளியில் நுழைய முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்.

இதையெல்லாம் தீவுக்குப் புதிதாக வந்த நோய் என்று நினைக்க வேண்டாம். அந்தமானின் காடு வெட்டப்பட்டதே ஒப்பந்தக் கைகளால்தான். 1918-ல் சோட்டா நாக்பூரிலிருந்து ஓராவ், முண்டா, காரியா மக்களைக் குறுகிய கால ஒப்பந்தத்தில் கப்பலேற்றினார்கள். ஆள் திரட்டிக் கொடுத்தது ராஞ்சியின் கத்தோலிக்க லேபர் பீரோ. ஏஜென்சி மூலம் ஆள் எடுப்பது என்று இன்று சொல்கிறோமே, அது தீவில் நூறு வயது தாண்டிய ஏற்பாடு. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுக்கு அரசு வயலும் மேட்டுநிலமும் அளந்து கொடுத்தது. அவர்களுக்கு முன்பே வந்து மரம் அறுத்த ராஞ்சிக்காரர்களில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. சொந்த ஊரில் இருக்கும் பழங்குடி அந்தஸ்துகூட தீவில் இல்லை. குடியேறியவர் என்று பதிவானவருக்குப் பட்டா. கூலி என்று பதிவானவருக்குக் கூலி.

எனவே தற்காலிக வேலை பெருகுமா குறையுமா என்பதைவிட, ஆளின் பெயர் யார் பேரேட்டில் ஏறுகிறது என்ற கேள்வியே இங்கே பொருத்தமானது. டி.ஆர்.எம். தொழிலாளியின் பெயர் துறையின் மஸ்டர் ரோலில் இருந்தது. கூலி குறைந்தால் யார் மீது வழக்குப் போடுவது என்று சங்கத்துக்குத் தெரிந்தது. தலைமைச் செயலாளர் வரை விரல் நீட்ட முடிந்தது. இன்று மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஆள் வருவது பெரும்பாலும் ஜெம் எனும் அரசு மின்சந்தை வழியாக. 2016-ல் தொடங்கிய இந்தத் தளத்தில் நாற்காலி, பிரிண்டர் வாங்குகிற அதே முறையில் ‘மனிதவள அவுட்சோர்சிங்’ சேவையும் வாங்கப்படுகிறது. ஆள் வேலை செய்வது அலுவலகத்தில். மஸ்டர் இருப்பது ஏஜென்சியிடம்.

அந்த ஏற்பாட்டின் பில்லை ஒருமுறை விரித்துப் பார்க்கலாம். கணக்கு எளிதாக இருக்க மாதக் கூலி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி பங்காக பி.எஃப். 12 சதவீதம், 1,800 ரூபாய் போகும். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு வருவது 13,087. முதலாளி பங்காக பி.எஃப்.பும் அதன் உபரிகளும் சேர்ந்து 13 சதவீதம், 1,950, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 488. கூட்டினால் 17,438. இதன் மேல் ஏஜென்சியின் சேவைக் கட்டணம் 4 சதவீதம் என்றால் சுமார் 698 ரூபாய். மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அலுவலகம் எழுதும் காசோலை ஏறக்குறைய 21,400 ரூபாய்.

அதாவது 21,400 செலவழித்து 13,087 ரூபாய்க்கு ஓர் ஆள். இடைவெளியில் பெரும் பங்கு பி.எஃப்.புக்கும் வரிக்கும் போகிறது. ஏஜென்சிக்கு நேர்வழியில் கிடைப்பது எழுநூறு ரூபாய்தான். இந்தக் கட்டணத்துக்கும் போட்டி போட்டு டெண்டர் எடுக்கிறார்கள். இவ்வளவு குறைந்த லாபத்தில் ஒருவர் ஏன் அடித்துப் பிடித்து ஒப்பந்தம் எடுக்க வேண்டும் என்று யோசித்தால், தொழிற்சங்கங்கள் நாடு முழுக்கச் சொல்லும் புகார்களுக்கு அர்த்தம் புரியும்: வேலைக்குச் சேர முன்பணம், கட்டாத பி.எஃப்., சம்பளம் ஏறியதும் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பது. எல்லா ஏஜென்சியும் இப்படி என்று சொல்வது அநியாயம். ஆனால் அடிமட்ட விலைக்கு டெண்டரைக் கொடுத்துவிட்டு நேர்மையை எதிர்பார்க்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது.

சென்னை வாசகர்களுக்கு இதன் நகர வடிவம் நன்றாகவே நினைவிருக்கும். 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி தனியாருக்குப் போனதுதான் காரணம். அவர்களும் நிரந்தர ஊழியர்கள் அல்ல. நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வந்த தற்காலிகப் பணியாளர்கள். இருந்தாலும் மாநகராட்சியின் தற்காலிக ஆளாக இருப்பதற்கும் தனியார் கம்பெனியின் ஆளாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குப் புரிந்தது. மாதச் சம்பளம் பல ஆயிரம் ரூபாய் குறையும் என்பதும் புரிந்தது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

தமிழ்நாட்டில் இவர்களைப் போன்றவர்கள் சுட்டிக்காட்ட ஒரு சட்டமாவது உண்டு. 1981-ன் நிரந்தரத் தகுதி வழங்கல் சட்டப்படி, தொழில் நிறுவனத்தில் 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரமாக வேண்டும். அந்தச் சட்டம் வங்கக் கடலைத் தாண்டி கராச்சர்மாவுக்கு வராது. தீவு மக்கள்தொகையில் 2011 கணக்குப்படி நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள். தாய்மொழி கூடவே வந்தது, சட்டம் வரவில்லை.

நீதிமன்றங்களின் தொனி சமீபத்தில் மாறியிருப்பதையும் சொல்ல வேண்டும். மத்திய நீர் ஆணையத்தின் ஃபரிதாபாத் அலுவலகத்தில் பெருக்கியவர்களும் தோட்டம் பார்த்தவரும் பத்து, இருபது ஆண்டு வேலை செய்தபின் 2018-ல் விலக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ல் ஜக்கோ வழக்கில் அவர்களைப் பணியில் சேர்த்து முறைப்படுத்தச் சொன்னது. உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆளை உறிஞ்ச முடியாது என்பது அதன் சாரம். அவுட்சோர்சிங் என்ற பெயரில் அதே வேலையை வேறு கையில் கொடுப்பதையும் நீதிபதிகள் விமர்சித்தார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஏஜென்சி வழியாக வந்தவர் இதே வாதத்தை வைத்தால் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, “நீங்கள் எங்கள் ஆளா?” என்பதாகத்தான் இருக்கும்.

தனியார் துறை இந்த விஷயத்தில் இன்னும் வெளிப்படையானது. 2002-ல் தொடங்கிய டீம்லீஸ், 2007-ல் தொடங்கிய க்வெஸ் போன்ற நிறுவனங்கள் ஆள் அனுப்புவதையே பங்குச் சந்தையில் விலைபோகும் தொழிலாக்கிவிட்டன. நாட்டின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் பத்துத் தொழிலாளரில் நாலு பேர் ஒப்பந்த ஆட்கள். ஆர்டர் கூடினால் ஆள், குறைந்தால் இல்லை. இதற்குப் பாதுகாப்பு வலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2008 கடைசியில் ஜப்பான் பார்த்தது. உலகப் பொருளாதாரம் சரிந்ததும் கார், மின்னணுத் தொழிற்சாலைகள் முதலில் கழற்றிவிட்டது ஏஜென்சி ஆட்களைத்தான். வேலையோடு கம்பெனி விடுதியும் போய், புத்தாண்டு நேரத்தில் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் அவர்களுக்காகக் கூடாரம் போட வேண்டியிருந்தது.

தீவில் சரிவுக்கு உலக நெருக்கடி தேவையில்லை, மழைக்காலம் போதும். ஸ்வராஜ் தீவின் ஸ்கூபா மையங்களும் விடுதிகளும் அக்டோபரில் ஆள் கூட்டி, மே முடிந்ததும் குறைக்கின்றன. 2023-ல் திறந்த புதிய விமான முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைத் தாங்கும். சீசன் வேலை கூடும் என்பதில் சந்தேகமில்லை, அது சீசன் வேலையாகவே இருக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. அரசு அலுவலகங்களில் சாதாரணப் பட்டதாரிகள் நம்பியிருக்கும் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் இடங்கள்தான் ஆட்டம் காணக்கூடியவை. கோப்புகள் இ-ஆபீஸுக்கு மாறி, தட்டச்சு வேலையை மென்பொருளே செய்யத் தொடங்கும்போது, புதுப்பிக்காமல் விட எளிதான ஒப்பந்தம் அதுதான். தென்னை ஏறி மகரந்தம் சேர்க்கிறவருக்கு அந்தப் பயம் இப்போதைக்குக் கிடையாது.

கிரேட் நிகோபாரில் திட்டமிடப்பட்டிருக்கும் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் எல்லாம் எழுந்தால் தீவுகள் இதுவரை கண்டிராத அளவில் கூலி ஆட்கள் வருவார்கள். கட்டுமானம் முடிந்ததும் அவர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள், எத்தனை பேர் ராஞ்சிக்காரர்களைப் போல ஆவணமில்லாமல் தங்கிப்போவார்கள் என்பதைத் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசிய அளவுக்கு யாரும் விவாதிக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எல்லாருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். நிர்ணயித்த காலத்துக்கு நேரடியாக எடுக்கப்படும் ஊழியருக்கு ஐந்தாண்டு காத்திராமல் ஓராண்டிலேயே பணிக்கொடை. ஒரு நிறுவனத்தின் மையமான பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது அவற்றில் ஒன்று. கூடவே விதிவிலக்குகளின் பட்டியலும் நீளமாக இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் முன்பு 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால் பொருந்தின; இப்போது 50. கராச்சர்மா போன்ற இடத்தில் பத்து ஆள், பதினைந்து ஆள் அனுப்பும் சின்ன ஏஜென்சிகள் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுகொள்ளலாம். நவம்பர் 21-க்குப் பிறகு நேரடி நிர்ணயகால ஒப்பந்தத்தில் முதலில் சேர்ந்தவர் ஓராண்டுப் பணிக்கொடையைக் கேட்கும் நேரம் 2026 நவம்பர் கடைசியில் வரும். பதினோரு மாதத்தில் ஒப்பந்தத்தை முடித்துவிட்டு மறுபடி எழுதும் பழக்கம் அதற்குள் எத்தனை அலுவலகங்களுக்கு வந்துவிடும் என்பதை அப்போது கணக்கெடுக்கலாம்.