ஆண்டிறுதி வினாவிடை

டிசம்பர் மாதம் பிறந்து ஆண்டு முடியுந் தறுவாயை அடைந்ததும் ஊர்தோறும் ஒரு வழக்கம் தலைகாட்டுவதுண்டு. கடந்த பன்னிரண்டு மாதத்துச் செய்திகளிலிருந்து வினாக்களைத் தொகுத்து, பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் வாசிகசாலைகளிலும் பொது அறிவுப் போட்டி நடத்துவதே அவ்வழக்கமாகும். சனாதிபதியாகத் தெரிவானவர் யார், உலகக் கிண்ணத்தை வென்ற நாடு எது, நோபெல் பரிசு எவருக்கு என்றெல்லாம் வினாக்கள் எழும். மாணவர் முந்திக்கொண்டு விடை பகர்வர். சபையோர் கைதட்டுவர்; பரிசும் வழங்கப்படும். ஒரு கிழமை கழிந்தபின் அவ்விடைகளிற் பாதி மறந்துபோயிருக்கும்.

இவ்வளவுக்குத்தானா இத்தனை முயற்சி? பெயர்களையும் திகதிகளையும் ஒப்புவிப்பதே நோக்கமாயின், அதனை ஒரு விளையாட்டென்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் ஆண்டிறுதி வினாவிடைக்கு வேறொரு பயனும் உண்டு. கடை வைத்திருப்பவர் ஆண்டு முடிவில் ஏட்டைத் திறந்து வரவு எது, செலவு எது, வரவேண்டிய கடன் எது, இனி வாராத கடன் எது என்று கணக்குத் தீர்ப்பார். செய்திக்கும் அத்தகைய கணக்கு ஒன்று வேண்டும். ஆண்டு முழுதும் காதில் விழுந்தவற்றுள் மெய்யானது எது, பொய்த்தது எது, பின்னர் திருத்தப்பட்டது எது, இன்னும் முடிவு காணாதது எது என்று பகுத்தறிவதே அக்கணக்கு. அப்பயிற்சியைத் தரவல்ல வினாவே நல்ல வினா.

இதனை விளங்கிக்கொள்ள முல்லைத்தீவு மாவட்டம் தக்கதோர் உதாரணமாகும். ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் காடும் வயலும் குளமும். இடையே நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் முதலிய நீரேரிகள். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இங்கே செய்தி என்பது பொழுதுபோக்கன்று. கடலுக்குச் செல்லலாமா, குளத்தின் வான்கதவு திறக்கப்படுமா, வீட்டை விட்டு அகல வேண்டுமா என்பனவெல்லாம் செய்தியைக் கேட்டே தீர்மானிக்கப்படுகின்றன.

வினாத் தொகுப்போர் முதலிற் கருதவேண்டியது, ஆண்டு எப்போது முடிகிறது என்பதே. இது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். பாடசாலைகளின் மூன்றாந் தவணை வழக்கமாக டிசம்பர் முற்பகுதியிலே நிறைவெய்துவதால் வினாத்தாளும் அதற்கு முன்னரே அச்சாகிவிடுகிறது. ஆனால் ஆண்டு அத்துடன் முடிந்துவிடுவதில்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி பெரும் சூறாவளியொன்று இலங்கையின் வடபாகத்தைத் தாக்கி, அன்றிரவே தனுஷ்கோடியையும் அழித்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தது. 2024ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டாலும், சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயதுக் குகேஷ் சிங்கப்பூரில் உலக சதுரங்கப் பட்டத்தை வென்றது டிசம்பர் 12ஆந் திகதி. இந்தியாவின் முன்னாட் பிரதமர் மன்மோகன் சிங் காலமானது டிசம்பர் 26ஆந் திகதி. அமெரிக்காவின் முன்னாட் சனாதிபதி ஜிம்மி கார்ட்டர் மறைந்தது 29ஆந் திகதி. டிசம்பர் முதல் வாரத்தில் ஏட்டை மூடியவர்க்கு இவையெல்லாம் அகப்பட்டிரா. ஆதலால் ஆண்டிறுதிப் போட்டியை ஜனவரியில் நடத்துவது நன்று. அன்றேல், முந்திய ஆண்டின் டிசம்பரையும் சேர்த்தே வினாக்களை அமைக்க வேண்டும்.

இரண்டாவதாகக் கருதவேண்டியது, முதற் செய்தியும் முடிந்த செய்தியும் ஒன்றல்ல என்பது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆந் திகதி மியன்மாரிலிருந்து புறப்பட்ட ரோகிங்கிய அகதிகளை ஏற்றிய படகொன்று முள்ளிவாய்க்காற் கடற்பரப்பில் தென்பட்டது. குழந்தைகளும் பெண்களும் அதிலே இருந்தனர். அக்கரையோரத்து மக்கள் அவர்களுக்கு உணவும் நீரும் கொடுத்து உதவினர். பின்னர் கடற்படையினர் அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுசென்றனர். படகில் இருந்தோர் எத்தனை பேர்? முதற் செய்திகளில் 102 என்றும் 103 என்றும் எண்கள் வந்தன. சில நாட்களின் பின்னர் 115 என்ற எண் வழங்கலாயிற்று. முதல் நாட் பத்திரிகையை மட்டும் படித்த மாணவன் ஒரு விடை கூறுவான். பின்னரும் தொடர்ந்து படித்தவன் வேறொரு விடை கூறுவான். முன்னவன் பொய் சொல்லவில்லை. அவன் செய்தியைப் பாதியில் விட்டுவிட்டான், அவ்வளவே. எண்ணைக் கேட்கும் வினாவில், எந்நாளில் எவர் வெளியிட்ட எண் என்பதும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

முன்னறிவிப்பையும் நிகழ்ச்சியையும் மயங்கவிடலாகாது என்பது மூன்றாவது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் புரெவி என்னும் சூறாவளி நெருங்கி வந்தபோது, அது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடக்கலாம் என அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 2ஆந் திகதி இரவு அது திருகோணமலை மாவட்டத்தின் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடைப்பட்ட பகுதியாற் கரையேறியது. புரெவி எங்கே கரை கடந்தது என்று பின்னர் வினவினால், முல்லைத்தீவு என்று விடை சொல்வோர் இருக்கக்கூடும். அவர்கள் எச்சரிக்கையை நினைவில் வைத்து நிகழ்ச்சியை மறந்தவர்கள். எச்சரிக்கை பொய்த்ததென்று எண்ணுவதும் தவறு. புயலின் பாதை சற்று விலகக்கூடும் என்பதாலேயே நீண்ட கரையோரம் முழுவதற்கும் எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர், அடுத்த முறை எச்சரிக்கை வரும்போது அதனை அலட்சியம் செய்யார்.

நான்காவது, சொந்த மண்ணைப் பற்றிய வினா. உலக நாடுகளின் தலைநகரங்களை ஒப்புவிக்கும் பிள்ளைகள், தம் வீட்டார் எந்தத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கின்றனர் என்று கேட்டால் தடுமாறுவதுண்டு. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி சனாதிபதித் தேர்தலும் நவம்பர் 14ஆந் திகதி பாராளுமன்றத் தேர்தலும் நடைபெற்றன. சனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணவேண்டி வந்தது இந்நாட்டில் அதுவே முதன்முறை. பாராளுமன்றத் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்திலிருந்து ஆறு உறுப்பினர் தெரிவாயினர். அம்மாவட்டத்துள் அடங்குவன மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்னும் மூன்று நிர்வாக மாவட்டங்களாம். வன்னி நிலப்பரப்பிலேயே கிளிநொச்சியும் இருக்கிறது. ஆயினும் அதன் வாக்குகள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலே எண்ணப்படுகின்றன. காரணம் யாது? கிளிநொச்சி 1984ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. முல்லைத்தீவும் 1978ஆம் ஆண்டிலேதான் தனி மாவட்டமாயிற்று. இலங்கையில் நிர்வாக மாவட்டங்கள் 25. தேர்தல் மாவட்டங்கள் 22. இடையிலுள்ள மூன்றும் வட மாகாணத்திலே குறைந்தவை என்பதைக் கணக்கிட்டுக் கண்டுகொள்ளும் மாணவன், ஒரு விடையோடு ஒரு வரலாற்றையும் கற்றுக்கொள்கிறான்.

ஐந்தாவது, ஒரே சொல்லில் விடை கூற இயலாத வினாக்கள். முல்லைத்தீவு மண்ணில் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றது. இறுதிக் கட்டத்தில் உயிரிழந்த பொதுமக்கள் எத்தனை பேர் என்பதை ஒரு புள்ளிக்குரிய கேள்வியாக வைத்தல் முறையாகாது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, அத்தொகை 40,000 வரை இருக்கக்கூடுமென நம்பத்தகுந்தோர் மதிப்பிட்டுள்ளதாகக் கூறிற்று. இலங்கை அரசாங்கம் அவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கே கேட்கத்தக்க வினா, எவர் எப்பொழுது என்ன கூறினார் என்பதே. உறவினரை இழந்த பிள்ளைகளும் வகுப்பறையில் அமர்ந்திருப்பர் என்பதை நினைவிற் கொண்டோர், இத்தகைய பொருளை மணி அடித்து விடை சொல்லும் போட்டிக்குள் கொண்டுவரார்.

ஒரு வினா எளிதாகத் தோன்றியும் எத்துணை நுட்பமுடையதாக இருக்கலாம் என்பதற்கு ஆழிப்பேரலையே சான்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம். சுமாத்திராத் தீவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் அதிர்ந்தது எத்தனை மணிக்கு? கொழும்பு மணிக்கூட்டின்படி காலை 6 மணி 59 நிமிடம் அளவில். ஆனால் 1996ஆம் ஆண்டில் இலங்கையின் நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு ஏப்ரலிலேதான் மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அம்மாற்றம் ஏற்கப்படாமற் பழைய நேரமே வழங்கிவந்தது. ஆகவே முல்லைத்தீவு வீட்டுச் சுவரில் தொங்கிய மணிக்கூடு 6 மணி 29 நிமிடத்தையே காட்டியிருக்கும். இரு விடைகளும் சரி. எந்த மணிக்கூட்டின்படி என்று கேளாத வினாவே பிழை.

மணிக்கூடுகள் வேறுபட்டாலும் ஒன்று மட்டும் மாறுவதில்லை. நில அதிர்வுக்கும், அலை இலங்கையின் கிழக்குக் கரையை வந்தடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அச்செய்தி கரையோரத்துக்கு வந்து சேரவில்லை. அந்நாளில் இந்து சமுத்திரத்துக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை; அது முழுமையாக இயங்கத் தொடங்கியது 2011ஆம் ஆண்டிலாகும். நாடு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். முல்லைத்தீவுக் கரையோரமும் மிகக் கொடிய அழிவுக்கு உள்ளாயிற்று.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியொன்றும் உண்டு. அதிர்வு தோன்றிய இடத்துக்கு மிக அண்மையிலே, சுமாத்திராவின் மேற்கே, சிமலுவே என்னும் தீவு இருக்கிறது. அங்கே வாழ்ந்தோர் ஏறக்குறைய 78,000 பேர். அலைக்கு இரையானோர் ஏழு பேர் எனப் பதிவாகியுள்ளது. 1907ஆம் ஆண்டில் அத்தீவைப் பேரலை ஒன்று தாக்கியிருந்தது. நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால், மேட்டு நிலத்துக்கு ஓடவேண்டும் என்பதைப் பாட்டன்மார் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தனர். 97 ஆண்டு பழைய செய்தியொன்றை அவர்கள் மறவாதிருந்தார்கள். அது அவர்களைக் காத்தது. செய்தியை நினைவில் வைத்திருப்பதன் பயனை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல உதாரணம் அரிது.

இவற்றையெல்லாம் மனங்கொண்டு வினாத்தாள் தயாரிக்கும் முறை கடினமானதன்று. வகுப்பிலே ஒரு கொப்பி வைத்து, மாதந்தோறும் பத்துச் செய்திகளைத் திகதியுடன் எழுதி வரலாம். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, அது எங்கே கேட்கப்பட்டது, பின்னர் எவ்வாறு திருத்தப்பட்டது என்பதற்கு இடம் விடவேண்டும். ஆண்டு முடிவில் அவற்றுள் மூன்றிலொரு பங்கை ஊரும் மாகாணமும் பற்றியனவாகவும், மூன்றிலொரு பங்கை நாடு பற்றியனவாகவும், எஞ்சியவற்றை உலகம் பற்றியனவாகவும் தெரிந்துகொள்ளலாம். யார், எது என்னும் வினாக்களோடு, ஏன், எவ்வாறு, எவர் சொல்லியது என்னும் வினாக்களும் இடம்பெறவேண்டும். விடையை வாசித்தவுடன் அடுத்த வினாவுக்குத் தாவாது, இரண்டு வாக்கியத்தில் அதனை விளக்குதல் இன்றியமையாதது. பிழையான விடை சொன்ன பிள்ளைக்கே அவ்விளக்கம் மிகவும் பயன்படும்.

இறுதி வினா ஒன்றுக்கு மட்டும் எல்லோரும் ஒருமித்து விடை கூறும்படி செய்யலாம். 2005ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைத் தொலைபேசியில் அழைக்கும் எண் யாது? விடை 117. கடல் திடீரென உள்வாங்கினால் செய்யவேண்டியது யாது? கரையை விட்டு மேட்டுக்கு ஓடுதல். இவ்விரண்டையும் ஆண்டுதோறும் கேட்கலாம். பழைய வினா என்று எவரும் குறைகூறார். கரையோரத்துப் பாடசாலையின் மிகச் சிறிய பிள்ளையும் இதற்கு விடை கூறுமாயின், அவ்வாண்டின் கணக்கு நேராயிற்று என்று கொள்ளலாம்.