கேளாச் செவியும் இணையமும்

பல ஆண்டுகளுக்கு முன், எமது வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்கு உடனே விடை கூறமாட்டான். கவனமில்லாதவன் எனக் கருதி அவனைப் பலமுறை கடிந்துகொண்டோம். ஒருநாள் அவனுடைய தாயார் வந்து, "பிள்ளைக்குக் காது வடிவாய்க் கேளாது, ஐயா" என்று சொன்னபோதுதான் எமது பிழை எமக்கு விளங்கிற்று. முன் வாங்குக்கு மாற்றினோம்; அடுத்த தவணையிலேயே அவனது புள்ளிகள் உயர்ந்தன. அவன் அறிவிற் குறை இருக்கவில்லை. எமது சொல் அவனைச் சேரும் வழிதான் அடைபட்டுக் கிடந்தது.

அவ்வழியைத் திறக்க முயன்றோரின் வரலாறு வியப்புக்குரியது. தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல், செவிப்புலனற்றோருக்குக் கற்பித்த ஆசிரியர். அவருடைய தாயாருக்குக் காது மந்தம். மனைவியாரோ ஐந்து வயதிலேயே கேட்கும் ஆற்றலை இழந்தவர். எனினும், 1876ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற தொலைபேசி, செவிப்புலனற்றோருக்குப் பூட்டிய கதவாகவே அமைந்தது. பிறர் வீட்டிலிருந்தே உரையாட, இவர்கள் ஒரு சிறு செய்தி சொல்லவும் அயலார் உதவியை நாட நேர்ந்தது.

அக்கதவைத் திறந்தவரும் செவிப்புலனற்ற ஒருவரே. அமெரிக்கப் பௌதிகவியலாளரான றொபேட் வைற்பிறெக்ற், தட்டச்சிட்ட எழுத்தை ஓசையாக்கித் தொலைபேசிக் கம்பிவழி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் எழுத்தாக்கும் கருவியை அமைத்தார். 1964இல் அவரும், அவரைப் போலவே செவிப்புலனற்ற பல் வைத்தியரான ஜேம்ஸ் மாஸ்ரேர்ஸ் என்பவரும், கழித்துவிடப்பட்ட பழைய தொலையச்சுப் பொறிகளைக் கொண்டு தூர ஊர்களிலிருந்து உரையாடினர்.

இணையத்தின் தந்தையருள் ஒருவரெனப் போற்றப்படும் வின்ரன் சேர்ஃப் என்பவரும் இளமை முதலே காதுக் கருவி அணிபவர். கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிமுறையை, றொபேட் கான் என்பவருடன் சேர்ந்து 1974இல் அவர் வெளியிட்டார். அவர் மனைவியார் சிக்ரிட், மூன்று வயதில் மூளைக்காய்ச்சலாற் செவிப்புலன் இழந்தவர். இணையத்தின் மூலம் விபரம் திரட்டி, 1996இல் உட்செவிக் கருவி பொருத்திக்கொண்டார். சாதாரணக் காதுக் கருவி ஒலியைப் பெருக்குமேயன்றி, உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தோருக்கு அதிகம் பயன்படாது. உட்செவிக் கருவியோ ஒலியை மின்துடிப்பாக்கிச் செவிநரம்பை நேரே தூண்டுவது. அக்கருவி இயங்கத் தொடங்கிய அன்றே, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு மௌனத்தின் பின், அவ்வம்மையார் தொலைபேசியிற் கணவருடன் பேசினார். பெல்லின் மனைவியாருக்குக் கிட்டாத பேறு அது.

இன்று காதுக் கருவியும் இணையத்தோடு இணைந்துவிட்டது. புதிய கருவிகள் பலவற்றை, நோயாளர் வீட்டிலிருக்க, நிபுணர் தம் இடத்திலிருந்தே கைத்தொலைபேசி வாயிலாகச் சீர்செய்கிறார். 2019இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட செயலி ஒன்று, எதிரிலிருப்பவரின் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையிற் காட்டுகிறது; அது அறிந்த மொழிகளுள் தமிழும் ஒன்று.

இவற்றின் தேவை சிறிதன்று. உலகில் 43 கோடி மக்களுக்குச் செவிப்புலன் சார்ந்த சிகிச்சையோ உதவியோ வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

ஆயினும், குறையை ஒளித்துவைக்கும் வீட்டில் எந்தக் கருவியும் பயன்தராது. மூக்குக்கண்ணாடி அணிய நாணாத நாம், காதுக் கருவி அணிய நாணுகிறோம். பாட்டனார் "என்ன?" என்று இரண்டாம் முறை கேட்டால், "ஒன்றுமில்லை" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லே அவரை வீட்டுக்குள் தனியராக்கிவிடுகிறது. பிள்ளை தொலைக்காட்சியை உரக்க வைத்தாலும், அழைத்தால் திரும்பாவிட்டாலும், கண்டிக்குமுன் அதன் காதைப் பரிசோதிப்பியுங்கள்.

எமது மாணவனுக்கு வேண்டியிருந்தது முன் வாங்கில் ஓர் இடம் மாத்திரமே. அதை உணர எமக்குப் பல மாதங்கள் சென்றன. வாசகர்களுக்கு அத்துணைக் காலம் செல்லலாகாது.