மோல்டாவின் மதீனா: மிஞ்சிய சொற்களும் ஒரு மீஸான் கல்லும்

மதீனா என்றதும் நம் எல்லோருக்கும் நினைவில் வருவது ஒரே ஊர்தான். ஆனால் அரபியில் மதீனா என்றால் நகரம் என்பதுதான் பொருள். அப்படி இன்னொரு மதீனா மத்தியதரைக் கடலின் நடுவே, மோல்டாத் தீவின் மேட்டு நிலத்தில் இருக்கிறது. அந்நாட்டவர் அதை 'இம்தீனா' என்கிறார்கள். மதில் சூழ்ந்த அந்தப் பழைய நகரத்தில் இன்று பள்ளிவாசல் கிடையாது. குடியிருப்பவர்கள் கத்தோலிக்கர்கள். ஆனாலும் அவர்கள் தங்கள் தேவாலயத்தில் இறைவனை 'அல்லா' என்றே அழைக்கிறார்கள். எப்படி இப்படி ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் மகளும் மருமகனும் தொழில் காரணமாக மோல்டாவில் இருக்கிறார்கள். பென்ஷன் எடுத்த பிறகு ஒரு மாதம் அவர்களோடு தங்கப் போனேன். சிசிலிக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீற்றரில் கிடக்கும் நாடு அது. தீவுகள் எல்லாம் சேர்ந்தே 316 சதுரக் கிலோமீற்றர்தான். தலைநகர் வலேட்டாவில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இம்தீனாவின் வாசலில் இறங்கிவிடலாம்.

1724இல் கட்டிய பெரிய வாயில். அதற்கு முன்னால் ஆழமான அகழி. இப்போது அதற்குள் தோட்டம் போட்டிருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டி உள்ளே போனால் சத்தம் அடங்கிப் போகிறது. அங்கே குடியிருப்பவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. வெளியார் வாகனங்களை உள்ளே விடுவதில்லை. ஒழுங்கைகள் ஒடுங்கியவை, வளைந்து வளைந்து போகின்றவை. இரண்டு பக்கமும் தேன் நிறக் கல்லால் எழுப்பிய உயர்ந்த சுவர்கள். மத்தியான வெயிலிலும் நிழல் கிடைக்கிறது. 'அமைதி நகரம்' என்று அதற்கு ஒரு பட்டப்பெயரே உண்டு.

இந்த அமைதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1530இல் மோல்டாவைப் பெற்ற புனித யோவான் சபை வீரர்கள் கடற்படையை நம்பி இருந்தவர்கள். அவர்களுக்குத் துறைமுகம்தான் வேண்டும், மேடு வேண்டாம். 1566இல் வலேட்டாவைக் கட்டத் தொடங்கினார்கள். அதிகாரம் கடற்கரைக்கு இறங்கியதும் பழைய தலைநகர் பிரபுக் குடும்பங்களோடு அப்படியே ஒதுங்கிப் போனது. 1693ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த தேவாலயத்தைத் திரும்பக் கட்டினார்கள். வேறு பல கட்டடங்களும் அதற்குப் பிறகு எழுந்தவைதான். ஆகவே இன்று கண்ணுக்குத் தெரிகிற கட்டடங்களில் அரபுக் காலத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். நானும் முதலில் அப்படித்தான் தேடினேன்.

"மாமா, கண்ணால பாக்காதீங்க. காதால கேளுங்க" என்றார் மருமகன்.

அவர் சொன்னது சரி. ஒரு கடையில் வயதான பெண்மணி ஒருவர் ரொட்டியை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்: "வீஹெத், த்னெய்ன், த்லீத்தா, எர்பா, ஹம்ஸா." ஓதப்பள்ளியில் படித்த வாஹித், இஸ்னைன், ஸலாஸா என் காதில் விழுந்த மாதிரி இருந்தது. ரொட்டிக்கு 'ஹொப்ஸ்', அரபியில் குப்ஸ். கதவுக்கு 'பீப்', அரபியில் பாப். வீட்டுக்கு 'தார்'. தேனுக்கு 'ஆசெல்', அதாவது அஸல். மதிலோரச் சதுக்கத்தின் பெயரில் 'சூர்' என்று வருகிறது. அரபியிலும் சூர் என்றால் மதில்தான். வாயிலுக்கு வெளியே ஒட்டிக் கிடக்கும் ஊர் றபாத். அதுவும் அரபுப் பெயரே. பழைய காலத்தில் இம்தீனாவின் ஆளுநரை 'ஹாக்கெம்' என்று அழைத்திருக்கிறார்கள்.

மோல்டீஸ் மொழி, சிசிலியிலும் மோல்டாவிலும் பேசப்பட்ட அரபியிலிருந்து வளர்ந்த மொழி. பிறகு இத்தாலியச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் அதில் ஏராளமாகச் சேர்ந்தன. எழுதுவது ரோம எழுத்தில். 1934இல் அரசகரும மொழியானது. 2004இல் மோல்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஒன்றியத்தின் மொழிகளில் ஒன்றாகவும் ஆனது. அந்த வரிசையில் அரபு, ஹீப்ரு குடும்பத்தைச் சேர்ந்த மொழி இது ஒன்றுதான்.

என்னை நடக்கவிடாமல் நிறுத்தியது சமயச் சொற்கள். கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரன்டான்'. ரமழான்தான் அது. நத்தாருக்கு 'மிலீத்', நமது மீலாத். பெரிய வெள்ளிக்கிழமை 'ஜிமா க்பீரா', அதாவது பெரிய ஜும்ஆ. ஈஸ்டருக்கு 'எய்த் க்பீர்', பெரிய ஈத். ஞாயிறு பூசைக்குப் போகிற மக்கள் வெள்ளிக்கிழமையை இன்னும் 'ஜிமா', ஒன்றுகூடும் நாள், என்றே சொல்கிறார்கள்.

இதை நம் பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நாம் தொழுகை என்கிறோம், நோன்பு என்கிறோம், பள்ளி என்கிறோம், பெருநாள் என்கிறோம். எல்லாம் தமிழ்ச் சொற்கள். இஸ்லாம் இந்தக் கரைக்கு வருமுன்பே வேறு சமயத்தார் வாயில் புழங்கிய சொற்களும் அவற்றில் உண்டு. நமது பெருநாளுக்குத் தமிழ்ப் பெயர். அவர்களது பெருநாளுக்கு அரபுப் பெயர். மொழி ஒரு சமயத்துக்குச் சொந்தம் என்று வாதாடுகிறவர்களை இம்தீனாவின் ரொட்டிக் கடையில் ஒரு மணித்தியாலம் நிற்க வைத்தால் போதும்.

சரி, அந்த மொழியைக் கொண்டுவந்த மக்கள் எங்கே?

870இல் அக்லபிகளின் படை பைஸாந்தியரிடமிருந்து மோல்டாவைக் கைப்பற்றியது. அதன் பிறகு தீவு பாழடைந்து கிடந்தது என்றும், ஹிஜ்ரி 440இல், அதாவது 1048-49இல், முஸ்லிம்கள் திரும்பக் குடியேறி அங்கே நகரத்தைக் கட்டினார்கள் என்றும் அல்-ஹிம்யரீ எழுதியிருக்கிறார். இடைக்காலத்தில் ஒருவருமே அங்கு இருக்கவில்லையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இன்றைய மோல்டீஸ் மொழியின் வேர் அந்தக் குடியேற்றத்தில் இருக்கிறது என்பதைப் பலரும் ஏற்கிறார்கள்.

1091இல் நோர்மன் பிரபு முதலாம் ரொஜர் படையோடு வந்தார். 1127இல் அவருடைய மகன் இரண்டாம் ரொஜர் ஆட்சியை உறுதிப்படுத்தினார். ஆட்சி மாறியும் முஸ்லிம்கள் உடனே போய்விடவில்லை. இன்னும் நூறு வருடத்துக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில், இரண்டாம் பிரெட்ரிக் பேரரசர் காலத்தில், நிலைமை இறுகியது. சிசிலி முஸ்லிம்களை இத்தாலியில் உள்ள லூசேராவுக்கு நாடு கடத்தினார்கள். மோல்டா முஸ்லிம்களிலும் ஒரு பகுதியினர் வெளியேற்றப்பட்டார்கள்; மற்றவர்கள் காலப்போக்கில் மதம் மாறியிருக்க வேண்டும். பேசின வாய்கள் மாறிப்போயின. பேச்சு மட்டும் மாறவில்லை.

அவர்களது மையவாடி ஒன்று வாயிலுக்கு வெளியே, றபாத்தில் இருக்கிறது. 1881இல் மரம் நடக் குழி தோண்டியவர்கள் தற்செயலாக ஒரு ரோமானிய மாளிகையின் தரையைக் கண்டார்கள். அழகான கல்பதித்த தரை. அந்த இடிபாட்டின் மேல்தான் முஸ்லிம்கள் தங்கள் மையித்துகளை அடக்கியிருந்தார்கள். அகழ்வில் வெளிப்பட்ட கப்றுகள் இருநூறுக்கு மேல். இப்போது அது நூதனசாலை. ரோமானியத் தரையைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. ஒரு பக்கத்தில் எழுத்துப் பொறித்த மீஸான் கற்கள் சிலவற்றையும் வைத்திருக்கிறார்கள். ஸலாம் சொல்லி, கொஞ்ச நேரம் நின்றேன். இருநூறு பேருக்கு மேல். பெயர் தெரிந்தவர் மிகச் சிலர்.

பெயர் தெரிந்த ஒருவரைப் பார்க்க அடுத்த நாள் கடல் தாண்டிப் போனோம். மோல்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கோசோத் தீவுக்கு ஃபெரியில் அரை மணித்தியாலம்கூட ஆகாது. அங்கேயும் நடுவில் ஒரு குன்று, குன்றின் மேல் மதில் சூழ்ந்த கோட்டை. அதன் அடிவாரத்து ஊருக்கும் றபாத் என்றுதான் பெயர். 1887இல் ஆங்கிலேயர் தங்கள் இராணியின் ஆட்சிக்கு ஐம்பதாண்டு நிறைந்ததைக் கொண்டாடி விக்டோரியா என்று மாற்றினார்கள். கோட்டைக்குள் உள்ள தொல்பொருள் நூதனசாலையில் அந்தக் கல் இருக்கிறது.

வெள்ளைச் சலவைக்கல். கூஃபி எழுத்து. பிஸ்மி, குர்ஆன் வசனங்கள், அதற்குப் பிறகு ஒரு பெயர்: மைமூனா, ஹஸனின் மகள், அலீ அல்-ஹுதலீயின் பேத்தி. மௌத்தான நாள் வியாழக்கிழமை, ஷஃபான் பிறை 16, ஹிஜ்ரி 569. ஆங்கிலக் கணக்கில் 1174 மார்ச் 21. பார்ப்பவருக்கு மரணத்தை நினைவூட்டும் வரிகளும் உண்டு. கல்லின் பின்பக்கத்தில் ரோமானியச் சிற்ப வேலை. பழைய கட்டடக் கல்லொன்றைத் திருப்பி எழுதியிருக்கிறார்கள்.

கணக்குப் பார்த்தேன். முதலாம் ரொஜர் வந்து 83 வருடங்களுக்குப் பிறகு மைமூனா மௌத்தாகியிருக்கிறார். கிறிஸ்தவ அரசின் கீழும், ஒரு தகப்பன் தன் மகளுக்கோ, ஒரு குடும்பம் தன் பெண்ணுக்கோ, இவ்வளவு செலவழித்து இவ்வளவு அழகாக அரபியில் கல் வெட்ட முடிந்திருக்கிறது. வரலாற்று நூல்கள் அரசர்களைச் சொல்கின்றன. அந்த நூறு வருடத்து முஸ்லிம் வாழ்வு எப்படி இருந்தது என்பதை, ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய இந்தக் கல்தான் நேரில் நின்று சொல்கிறது.

காகிதமும் அப்படிச் சொல்லும். மோல்டீஸ் மொழியில் கிடைத்த மிகப் பழைய இலக்கியம் இம்தீனாவைச் சேர்ந்த பியெத்ரு கஷாரோ என்பவர் 15ஆம் நூற்றாண்டில் பாடிய பாட்டு. அவருடைய உறவினரான ஒரு நொத்தாரிசு அதைத் தன் உறுதிப் புத்தகத்தில் எழுதி வைத்தார். காணி உறுதிகளுக்கு நடுவே கிடந்த அந்தப் பாட்டு 1966இல்தான் ஆய்வாளர் கண்ணில் பட்டது. அந்த உறவினர் எழுதி வைத்திராவிட்டால் அப்படியொரு பாட்டு இருந்ததே தெரிந்திராது.

கோட்டை மதிலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உம்மும்மாவின் நினைவு வந்தது. என்னை வளர்த்தவர் அவர்தான். எங்கள் ஊர் மையவாடி கடலோரம். கப்றின் தலைமாட்டில் ஒரு கட்டை, கால்மாட்டில் ஒரு கட்டை. பெயர் எழுதும் வழக்கம் கிடையாது. வாப்பாவுக்கு இடம் தெரியும், எனக்கும் தெரியும் என்று இருந்துவிட்டோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு அங்கே கட்டையும் இல்லை, வரிசையும் இல்லை. மணல்தான். வாப்பாவும் போய்விட்டார். இன்று ஸியாரத்துக்குப் போனால் பொதுவாக நின்று துஆக் கேட்டுவிட்டு வருகிறேன். அல்லாஹ்வுக்கு அவர் இருக்கும் இடம் தெரியும். தெரியாமல் நிற்பது நான்தான். எட்டு நூற்றாண்டுக்கு முன் மௌத்தான மைமூனாவின் நாளும் கிழமையும் எனக்குத் தெரியும்; என் சொந்த உம்மும்மாவின் நாள் தெரியாது.

நமது மொழி நமக்கு இருக்கிறது, மார்க்கம் இருக்கிறது, ஆகவே நமது வரலாறு தானாகவே நிற்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மோல்டா அப்படிச் சொல்லவில்லை. சொற்கள் நின்றன, ஆனால் அவற்றைப் பேசியவர்கள் யார் என்பதைச் சொற்களால் சொல்ல முடியவில்லை. பெயரும் திகதியும் எழுதப்பட்ட இடத்தில் மட்டும்தான் ஆட்கள் நின்றார்கள்.

கப்றின் மேல் எழுதலாமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. கல்லில் வேண்டாம் என்றால் கொப்பியில் எழுதலாமே. ஊர் திரும்பியதும் எங்கள் பள்ளி நிர்வாகசபையிடம் போய்ப் பேசினேன். இப்போது ஜனாஸா அடக்கும் ஒவ்வொரு முறையும் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறை, திகதி, மையவாடியில் எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கப்று என்று மோதினார் ஒரு புத்தகத்தில் எழுதுகிறார். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. பழைய ஆட்களிடம் கேட்டுக் கேட்டு 2004க்கு முந்தியதையும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் உம்மும்மாவின் பெயரை எழுதினேன். வரிசை இலக்கத்துக்கு நேரே வெறுமையாக விட்டிருக்கிறேன்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் இப்படி ஒரு புத்தகம் இருக்கிறதா என்று ஒருதரம் விசாரித்துப் பாருங்கள். இல்லாவிட்டால், வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும்போது கடையில் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு போங்கள்.