திரை அலறும்போது அந்த எண்ணை அழைக்காதீர்கள்

என் பெரியப்பா போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரில் பழைய பாட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவந்தது. சைரன் அலறியது. 'உங்கள் கணினி முடக்கப்பட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது. மவுஸ் அம்புக்குறியைக் காணோம். பதற்றத்தில் அழைத்துவிட்டார்.

அந்த நிமிடம் வரை அவருடைய கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. அவர் பார்த்தது வெறும் இணையப் பக்கம். முழுத்திரையில் விரிவதற்கும் ஒலி எழுப்புவதற்கும் அம்புக்குறியை மறைப்பதற்கும் பிரவுசரில் வசதி உண்டு. வீடியோவுக்கும் விளையாட்டுக்கும் வைத்த அந்த வசதியைத்தான் திருடர்கள் பயன்படுத்துகிறார்கள். உங்கள் ஹார்டு டிஸ்க்கைத் துழாவி வைரஸ் கண்டுபிடிக்க ஓர் இணையப் பக்கத்தால் முடியாது. தங்கள் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. எண் தெரிந்தாலே அது பொய்.

எஸ்கேப் விசையைச் சில நொடிகள் விடாமல் அழுத்துங்கள், முழுத்திரை சுருங்கும். பிறகு ஆல்ட்டுடன் எஃப் 4. அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கையில் பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள்.

சில வீடுகளில் திரையின் மூலையில் தினமும் 'வைரஸ்' அறிவிப்பு எட்டிப்பார்க்கும். எப்போதோ ஏதோ ஒரு தளத்தில் 'அலோ' என்பதைத் தட்டியிருப்பீர்கள். பிரவுசர் அமைப்புகளில் நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் நின்றுவிடும். எக்ஸ்டென்ஷன்களையும் ஒருமுறை பாருங்கள்.

நிஜமாகவே உள்ளே குடியேறும் போலி ஆன்டிவைரஸும் உண்டு. வின்ஃபிக்ஸர் போன்றவற்றை விற்ற கும்பல்மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008இல் வழக்குத் தொடுத்தது. ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். இப்படிப்பட்டது புகுந்திருந்தால், நிறுவிய செயலிகளைத் தேதிவாரியாக அடுக்கி, அந்த நாளில் வந்த அறியாதவற்றை நீக்குங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடுவதால், ஒளிந்துகொள்ளும் நிரல்களும் அகப்படும். காசு கிடையாது. இந்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் இலவசக் கருவிகள் தருகிறது.

பெரியப்பாவிடம் பேசியவன் மிகப் பணிவானவன். ரிமோட் செயலி ஒன்றை நிறுவச் சொல்லி உள்ளே வந்து, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் 'ஈவென்ட் வியூவர்' பட்டியலில் இருந்த சிவப்புக் குறிகளைக் காட்டினான். நல்ல கம்ப்யூட்டரிலும் அந்தப் பட்டியலில் சிவப்புக் குறிகள் இருக்கும். அவருக்கு அது எப்படித் தெரியும்? ஐந்தாண்டுப் பாதுகாப்பு என்று 9,000 ரூபாய் கட்டினார். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெட் பேங்கிங்கைத் திறந்து கட்டினார். மூன்றாம் நாள் கணக்கிலிருந்து இன்னொரு தொகை போனது. எட்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. 'இந்த வயசில ஏமாந்துட்டேன்னு எப்படிப்பா சொல்றது?' என்றார்.

அந்த எட்டு நாள்தான் என் மனத்தை இன்னும் அறுக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, நம் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பானாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்றாம் நாள் தொகை அவர் தலையில் விழுந்திருக்காது. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போய், மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் இழப்பே நமக்கில்லை. நம் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையது. ஆகவே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைப்பதோடு நிற்காமல் வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம்.

யாரையாவது உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். ரிமோட் செயலியை நீக்குங்கள். சந்தேகம் தீராவிட்டால் படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்துக்கொண்டு விண்டோஸை ரீசெட் செய்துவிடுவதே நிம்மதி.

ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று காவல் நிலையம் திருப்பி அனுப்ப முடியாது. ஜீரோ எஃப்ஐஆர் பதிய வேண்டும். திரையில் வந்ததன் படம், வந்த எண், பணம் கட்டிய ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

ஒருமுறை ஏமாந்தவரின் எண்ணை இந்தத் திருடர்கள் விடுவதில்லை. இரண்டு மாதம் கழித்துப் பெரியப்பாவுக்கு 'சார், உங்க பணத்தைத் திருப்பித் தர்றோம், அந்தச் செயலியை மறுபடி திறங்க' என்று அழைப்பு வந்தது. அவர் திறக்கவில்லை. அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து, அன்று மாலையே புகாரோடு சேர்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.