தரங்கம்பாடி: கடலருகே ஒரு வரலாற்றேடு

சோழவள நாட்டுக் கீழைக் கடற்கரையிலே, காரைக்காலுக்கு வடக்கே அமைந்துள்ளது தரங்கம்பாடி. தரங்கம் என்பது அலையாதலின், அலை பாடும் ஊர் என இப்பெயருக்குப் பொருள் கூறுவாருளர். ஆயின், பாண்டியர் காலக் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்கின்றது. பாடி என்பது ஊரைக் குறிக்கும் பழஞ்சொல். எனவே அலை பாடுதல் பிற்காலத்தார் கண்ட நயமேயாம்.

டேனியர் இங்கு வந்த வரலாறு ஈழத்தோடு தொடர்புடையது. கண்டியரசன் செனரதனுக்குப் போர்த்துக்கேயருக்கெதிராகத் துணைபுரிந்து, வாணிக உரிமை பெறும் நோக்குடன் 1618 இல் அவர்தம் கப்பல்கள் புறப்பட்டன. 1620 இல் தளபதி ஓவ கெட்டே திருகோணமலையை அடைந்தபோது, கண்டியரசன் போர்த்துக்கேயருடன் சமாதானஞ் செய்திருந்தான். ஈழத்திற் கைகூடாத எண்ணம் தஞ்சையிற் கைகூடிற்று. அவ்வாண்டே இரகுநாத நாயக்கன் தரங்கம்பாடியிற் கோட்டை கட்ட உரிமையளித்தான். அவன் டென்மார்க்கு மன்னன் நான்காம் கிறித்தியானுக்குப் பொன்னோலையில் விடுத்த தமிழ்த் திருமுகம் கொப்பனேகனிலே பேணப்படுகின்றது.

ஊரைக் காணச் செல்வோர் 1792 இல் எழுப்பிய நகர வாயிலினூடே நுழைதல் நன்று. இராச வீதியின் இருமருங்கும் பழைய மாளிகைகளும் இரு தேவாலயங்களும் உள்ளன. 1701 இல் எழுந்த சீயோன் ஆலயம் ஒன்று. 1718 இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் மற்றையது. பின்னதிலேதான் சீகன்பால்கு அடக்கஞ் செய்யப்பெற்றார். வீதியின் கோடியில் கடலை நோக்கி நிற்பது டேன்சுபோர்க் கோட்டை. கீழ்த்தளத்தில் பண்டசாலையும் சிறைக்கூடமும், மேற்றளத்தில் ஆளுநர் உறைவிடமும் இருந்தன. இன்று அஃது அரும்பொருட்சாலையாக விளங்குகின்றது.

தமிழ் அச்சு இவ்வூரிலே தோன்றியது எனச் சிலர் கருதுவர்; அது பொருந்தாது. 1578 இலேயே கொல்லத்தில் தமிழெழுத்தில் நூல் அச்சாயிற்று. எனினும், 1706 இல் வந்த சீகன்பால்கு அச்சுக்கூடம் நிறுவி, 1715 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டமை பெரும்பணியே. காகிதத் தட்டுப்பாட்டை நீக்க அயலூராகிய பொறையாற்றிற் காகித ஆலையும் எழுந்தது. தென்னாட்டுத் தெய்வங்களைப்பற்றி அவர் 1713 இல் எழுதிய நூலோ வேறு கதியடைந்தது. சமயத்தைப் பரப்பச் சென்றவர் பிறர் சமயத்தை விளக்குவதா எனச் செருமனியிலிருந்த மேலோர் விரும்பாமையால், அது 1867 வரை அச்சேறவில்லை.

1845 இல் டேனியர் இவ்வூரையும் வங்கத்துச் சீராம்பூரையும் 12½ இலட்சம் ரூபாவுக்கு ஆங்கிலேயருக்கு விற்றனர். பின்னர் 1861 இல் நாகபட்டினத்துக்குப் புகையிரதப் பாதை அமைந்ததும் வாணிகம் அங்கே பெயர்ந்தது. துறைமுகம் ஓய்ந்தமையாலேயே பழைய வீதியமைப்பு பெரிதும் மாறாது எஞ்சிற்று எனலாம்.

கோட்டைக்கு வடக்கே கடற்கரையில் உள்ளது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், கோட்டைக்கு மூன்று நூற்றாண்டுகள் முன்னரே எழுந்தது அது. அதன் முற்பகுதியைக் கடல் கவர்ந்துகொண்டது. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இக்கரையைத் தாக்கியது. இன்று கற்குவியல் அணைகளே அலையைத் தடுத்து நிற்கின்றன.

அயலார் கட்டியது கோட்டை; அவர் வருமுன்னரே ஊருக்குப் பெயரும் வாழ்வும் இருந்தமைக்குச் சான்று கோயிற் கல்வெட்டு. கோட்டையை மட்டுங் கண்டு மீள்வோர் ஊரின் வரலாற்றை இடையிலிருந்தே படித்தவராவர். முதலேடு கடலின் வாயருகே உள்ளது; அஃது உள்ளபோதே கற்றலும் காத்தலும் கடனாகும்.